மேவிஸுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை

கோவென்ட்ரி
ஜூலை 3, 1981

அன்புள்ள அக்கா,

நானும் மேவிஸும் நலமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறினால் உயிர் போகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். டாக்டரிடம் போ என்றால் நீ கேட்கப் போவதில்லை. அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

செப்டம்பரில் அங்கே வரலாம் என்று இருக்கிறோம். மேவிஸ் அங்கே தேடிக் கண்டெடுத்த பெட்டிகள் தொண்ணூற்றேழு ஆகிவிட்டன. நூறைத் தொடாமல் இந்த வருஷத்தை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீ ஓர் உதவி செய்ய வேண்டும். மெரிகோம் பக்கத்தில் நாங்கள் தங்க நல்ல இடமாகப் பார்த்துச் சொல். இந்தத் தடவை கூடாரம் வேண்டாம். அறை கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும், கழிப்பறை அதை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். மெத்தை நல்ல மெத்தையாக இருக்கட்டும். கணப்பும் வெந்நீரும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். காலையில் பன்றி இறைச்சியையும் முட்டையையும் பொரித்துக் குவிக்காமல், கொஞ்சம் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சித் தருகிற வீட்டுக்காரியாகப் பார். அவள் வாயாடியாக இருக்கக் கூடாது. "ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு" என்றெல்லாம் துளைக்கிறவள் வேண்டவே வேண்டாம்.

செலவைப் பார்க்காதே. எங்களுக்கும் வயதாகிறது, வேறொன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சிரில்


மெரிகோம், டார்ட்மூர்
ஜூலை 10, 1981

அன்புள்ள சிரில்,

கடிதம் கிடைத்தது. என் இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. டாக்டரும் அவர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் இருவரும் நலம் என்பதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

இதை எழுதியது நீதானா? கல்யாணமான வாரமே பெண்டாட்டியைக் கூடாரத்தில் படுக்க வைத்த மகராசன் நீ. போன வருஷம் ஆலங்கட்டி மழையில் அந்த ஓட்டைக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, "காத்து நல்லா வருதுக்கா" என்று என்னிடமே சொன்னாய். 'செலவைப் பார்க்காதே' என்ற வரியைப் பக்கத்து வீட்டு கிட்லியிடம் படித்துக் காட்டினேன். "உங்க தம்பி பேர்ல யாரோ கள்ளக் கையெழுத்து போட்டிருக்கான், போலீசுக்குச் சொல்லுங்க" என்றார்.

உன் பெண்டாட்டியின் பைத்தியம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மூடுபனியில் சதுப்பைத் தாண்டி நடந்து, முன்பின் தெரியாத எவனோ பாறைக்கடியில் ஒளித்து வைத்த தகரப் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதிலிருக்கும் ரப்பர் முத்திரையைத் தன் ஆல்பத்தில் குத்திக்கொண்டு, பெட்டியை அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க வைத்து மூடிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வருவது. இதற்கு நூறு தடவை வேறு! அப்படி ஒரு பெட்டியை அரையடி நகர்த்தி வைத்தவனைப் பற்றி மேவிஸ் ஒரு தடவை பேசியதைக் கேட்டேன். கொலைகாரனைக்கூட யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

சரி, இடத்துக்கு வருகிறேன். என் வீடு ஆகாது. படி ஏணிபோல இருக்கிறது, கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். பெத்திபிரிட்ஜ் அம்மாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெந்நீருக்கு மீட்டரில் காசு போட வேண்டும், பாதிக் குளியலில் நின்றுவிடும். மெத்தையை அமுக்கிப் பார்த்தேன், கை ஈரமானது. "போன மாசந்தான் வெயில்ல போட்டேன்" என்றாள். "எந்த ஊர் வெயில்ல?" என்று கேட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. குதிரைலாட விடுதியில் அறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே மதுக்கடை. வெள்ளிக்கிழமை வந்தால் பாட்டு என்று ஒன்று ஆரம்பிப்பார்கள், நாய்களே வெளியே ஓடிவிடும்.

மிச்சம் இருப்பது எண்டகாட் பண்ணை வீடு. கீழ்த்தளத்தில் பெரிய அறை. ஜன்னலுக்கு வெளியே ஓடை, அதன் மேல் பழைய கல்பாலம். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரி ரோடாவின் மாமியார் நெடுநாள் அதில் கிடந்து மார்ச்சில் போனாள். "நோயாளிக்குன்னே பண்ணின ரூம் இது. நீங்க கூட்டிட்டு வர்றவங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "இல்லம்மா, என் தம்பி வர்றான். பொறந்ததுலேர்ந்தே சோம்பேறி" என்றேன்.

ஆனால் சிரில், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. மேவிஸ் கஞ்சி குடிக்கிறவள் இல்லை. தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டில் கை வைக்கிறவள். அவளுக்கு என்ன? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசு.

அக்கா,
ஹெஸ்டர்


கோவென்ட்ரி
ஆகஸ்ட் 12, 1981

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். மேவிஸ் நலமில்லை. நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

வசந்தத்தில் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். ஈரல் முழுக்கப் பரவியிருக்கிறதாம். டாக்டர் என்னை நடைவழிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். "கிறிஸ்துமஸ் தாண்டினா பெரிய விஷயம். அவங்ககிட்ட சொல்லாதீங்க. சொன்னா மனசு விட்டுடுவாங்க. இருக்கிற வரைக்கும் சந்தோஷமா வெச்சுக்கோங்க" என்றார். உள்ளே போனேன். "என்னவாம்?" என்று கேட்டாள். "பித்தப்பைல கல்லாம். எடுத்துட்டாங்க. தேற கொஞ்ச நாள் ஆகுமாம்" என்றேன். "கல்லைக் குடுத்தாங்களா? பெட்டில போட்டு வெச்சிருக்கலாமே" என்று சிரித்தாள். அந்த நிமிஷத்திலிருந்து நான் பொய்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான் அக்கா. அவள் தெரியாமலே போய்விட வேண்டும். ஒரு ராத்திரிகூட அவள் பயந்து கிடக்கக் கூடாது. அதற்காக நான் எதையும் செய்வேன்.

தொண்ணூற்றெட்டாவது பெட்டி குதிரைலாட விடுதியிலேயே இருக்கிறது. கடைக்காரனிடம் கேட்டால் எடுத்துத் தருவான். தொண்ணூற்றொன்பதாவது சாலையோரத்துப் பழைய கல்குழியில். வண்டியை விட்டு இறங்கினால் போதும். நூறாவதாக அவள் எடுக்க நினைத்திருப்பது பிளிமத் பள்ளி ஆசிரியர் வாரன் வைத்த பெட்டியை. அவர் இடத்தை எழுதித் தருவதில்லை, உள்ளூர்க்காரர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் விசாரித்துவிட்டேன். ரேவன் குன்றின் உச்சியில், சதுப்புக்கு அந்தப் பக்கம். அவளால் இப்போது எங்கள் தெருமுனைக் கடைவரைகூட நிற்காமல் நடக்க முடியவில்லை.

அந்தப் பெட்டி மட்டும் கொஞ்சம் கீழே இருந்திருக்கக் கூடாதா என்று படுத்தால் அதே நினைப்பாக இருக்கிறது.

எண்டகாட் வீட்டையே பேசிவிடு. இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளாதே.

சிரில்


மெரிகோம்
ஆகஸ்ட் 18, 1981

அன்புள்ள சிரில்,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து போனதுகூடத் தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவளைத்தான் அப்படி வைத்திருந்தேன்.

எண்டகாட் வீட்டைப் பேசிவிட்டேன். ரோடாவிடம் உண்மையைச் சொன்னேன், வேறு வழியில்லை. மாமியாரின் கட்டிலை வெளியே எடுத்துவிட்டுத் தன் சொந்தக் கட்டிலையே போடுகிறாள். இறகு மெத்தை. கம்பியையும் கழற்றச் சொன்னேன், பிறகு வேண்டாம், இருக்கட்டும் என்றேன். "அவங்க கேட்டா என்ன சொல்ல?" என்றாள். "மாமியார் குடிகாரின்னு சொல்லு" என்றேன். எந்நேரமும் கணப்பு எரியும், கோழிச் சாறு இருக்கும். எந்தக் கேள்வியும் வராது.

மேவிஸிடம் சொல்லாமல் இருப்பது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் தெரிந்துகொள்ளவே நினைப்பேன். ஆனால் அவள் உன் மனைவி, முடிவும் உன்னுடையது.

மூன்றாவது பெட்டியை என்னிடம் விட்டுவிடு. வாரன் பெட்டிக்கு வழி அவள் என்னிடம்தான் கேட்பாள். நான் சொல்கிறேன். ரோடாவின் புருஷன் எண்டகாட்டிடம் ஒரு சாதுவான குதிரை இருக்கிறது, என் இடுப்புக்கு அது போதும். இதற்கு மேல் நீ எதுவும் கேட்காதே.

பத்திரமாகக் கூட்டிவா.

ஹெஸ்டர்


கோவென்ட்ரி
செப்டம்பர் 27, 1981

அன்புள்ள அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மேவிஸ் தூங்கிக்கொண்டே வந்தாள். குதிரை ஏறியதற்குப் பிறகு உன் இடுப்பு என்ன ஆயிற்று?

உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த அறையைப் பார்த்ததும், "சிரில், நீ பேங்கைக் கொள்ளையடிச்சுட்டியா?" என்றாள். ரோடாவின் கோழிச் சாற்றைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். அந்த இறகு மெத்தையில் ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கினாள், வீட்டில் அவள் அப்படித் தூங்கி வெகு நாளாகிறது. மதுக்கடைப் பெட்டியை எடுக்கும்போது கடைக்காரனோடு வம்பு வளர்த்தாள். "இதெல்லாம் ஒரு பெட்டியா? ஒக்காந்த எடத்துலேர்ந்து கெடைச்சா அது பெட்டி இல்ல, பீர்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசி நாள் காலை, நீ சொன்ன வழிப்படி பாலத்துக்குக் கீழே போனோம். அவளே குப்புறப் படுத்துக் கல்லுக்கடியில் கையை விட்டாள். நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உடனே திறக்கவில்லை. அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், களைப்புப் போல. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நூறு, மேவிஸ்!" என்றேன். முத்திரையை எடுத்துக் குத்தினாள். நான் கை தட்டினேன். "தட்டாதே, ஆடு மெரளுது" என்றாள். நூறு பெட்டி எடுத்தவர்களுக்குத் தருகிற துணிப்பட்டையை அவள் கோட்டில் நானே தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது அக்கா. தன் நூறை எடுத்துவிட்டாள். இனி என்ன வந்தாலும் இது ஒன்று எனக்கு இருக்கும்.

உன் தம்பி,
சிரில்


கோவென்ட்ரி
அக்டோபர் 9, 1981

அன்புள்ள ஹெஸ்டர்,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்கே தெரியும்.

சிரில் கடைக்குப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அந்தப் பெட்டியை நகர்த்தியது நீதான். மறுக்காதே, எனக்குக் கோபமில்லை. பெட்டி ஒரு வருஷம் ஓரிடத்தில் கிடந்தால் அடியில் புல் வெளுத்து, நசுங்கி, பூச்சி பிடித்திருக்கும். நீ வைத்த இடத்தில் புல் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெட்டி அங்கே ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லை. போதாததற்கு, வாரன் போன்ற ஓர் ஆள் குழந்தைகள் கால் நனைக்கிற பாலத்தடியில் பெட்டி வைப்பாரா?

நகர்த்தப்பட்ட பெட்டியைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நகர்த்தியிருக்கிறாய். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு சதுப்பைத் தாண்டிப் போயிருக்கிறாய். பித்தப்பைக் கல்லுக்காக ஹெஸ்டர் இதைச் செய்ய மாட்டாள் என்று அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நிமிர்ந்து சிரிலைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையன்போல நின்றான். எல்லாம் புரிந்துவிட்டது. அந்த மெத்தை, கஞ்சி, சுவரில் அந்தக் கம்பி. முத்திரையைக் குத்தினேன், அவனுக்காகத்தான். என் கணக்கில் இன்னும் தொண்ணூற்றொன்பதுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஹெஸ்டர். ராத்திரியில் ரொம்பப் பயமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அதனால் எழுதுகிறேன். சிரிலிடம் சொல்ல முடியாது. நான் தெரிந்துகொண்டேன் என்று தெரிந்தால் அவன் உடைந்துபோவான். பிறகு அவனையும் நான் தூக்கி நிறுத்த வேண்டும், எனக்கு அந்தத் தெம்பு இல்லை. காலையில் டீ போட்டுக்கொண்டு வருகிறான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. குடிக்க முடியாத டீ. "நல்லாருக்கா?" என்கிறான். "நல்லாருக்கு" என்கிறேன்.

நீ அவனிடம் சொல்லக் கூடாது. எனக்குப் பதிலும் எழுதாதே, கடிதங்களை அவன்தான் பிரிக்கிறான். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாயா?

மேவிஸ்


மெரிகோம்
நவம்பர் 2, 1981

அன்புள்ள சிரில்,

இங்கே எல்லாரும் சுகம். கிட்லியின் நாய் குட்டி போட்டிருக்கிறது, ஊரில் அதுதான் பேச்சு. மேவிஸுக்கு வலி எப்படி இருக்கிறது? மருந்தாவது கேட்கிறதா?

உன்னிடம் ஒன்று சொல்ல நினைக்கிறேன், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். தோட்டத்தைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் பேசச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போனபோது எனக்கும் அவருக்கும் நடுவில் பேசாத பேச்சு ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் அப்படி அமைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவள் நீ நினைக்கிற அளவுக்குப் பலவீனமானவள் இல்லை.

நான் அங்கே வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது, ரயிலேறிவிடுகிறேன்.

அக்கா,
ஹெஸ்டர்


கோவென்ட்ரி
நவம்பர் 28, 1981

அன்புள்ள அக்கா,

நான் சுகம். மேவிஸுக்கு வலி கூடியிருக்கிறது, நர்ஸ் தினமும் வந்து ஊசி போடுகிறாள்.

நீ வர வேண்டாம். நீ வந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். குளிர்காலத்தில் நீ வீட்டை விட்டுக் கிளம்பியதே கிடையாது.

நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவள் முகத்தில் ஒரு வருத்தம் கிடையாது. வருகிற வசந்தத்துக்கு நடக்க புது பூட்ஸ் வேண்டும் என்றாள். நான் போய் வாங்கிவந்தேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கு" என்று சிரித்தாள். சாகப்போகிறோம் என்று தெரிந்தவள் பூட்ஸ் கேட்பாளா? நீயே சொல். இந்த நேரத்தில் நீ என்னைக் குழப்பாதே. இவ்வளவு தூரம் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் கொஞ்சந்தான்.

சிரில்


கோவென்ட்ரி
பிப்ரவரி 15, 1982

அன்புள்ள அக்கா,

உன் தந்தியும் பூக்களுக்கு நீ அனுப்பிய பணமும் வந்தன. பனியில் ரயில் நின்றுபோனதற்கு நீ என்ன செய்வாய்? அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜனவரியில் அவள் போன அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசிவரை அவளுக்குத் தெரியாது. அன்று காலைகூட, "நாளைக்கு டீல சக்கரை கம்மியா போடு" என்றாள். அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு வேலையை ஆரம்பித்தேன், கெடாமல் முடித்தேன்.

ஆனால் வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. சொல்லாமல் விட்டதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கே புதைக்க வேண்டும் என்று அவளைக் கேட்க முடியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டது என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல காரியம் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. நம் வீட்டில் யார் அதெல்லாம் சொல்லியிருக்கிறோம்? திடீரென்று சொன்னால் அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள். அதனால் விழுங்கிக்கொண்டேன். ஒன்றிரண்டு தடவை அவளும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "கரி போடு, அணையப் போவுது" என்றாள்.

அக்டோபரில் அவள் உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்தான் தபாலில் போட்டேன். அதில் என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தாளா? எதுவாக இருந்தாலும் எழுது. ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

உன் தம்பி,
சிரில்


மெரிகோம்
மார்ச் 8, 1982

அன்புள்ள சிரில்,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இப்போதுதான் அனுப்புகிறேன். 'பின்னல் ஊசி கேட்டு எழுதினாள்' என்று ஒரு பொய்யை எழுதிக்கூட வைத்தேன். நீ கேட்டிருப்பது அவளுடைய வார்த்தையை. அதற்குப் பதிலாக என் பொய்யைத் தர எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுப்பில் போடச் சொன்னாள், போடவில்லை. உட்கார்ந்து படி. அவளுக்குத் தெரியும் சிரில். பாலத்தடியிலேயே தெரிந்துவிட்டது. என்னால்தான் தெரிந்தது. பெட்டியை இறக்கினால் அவள் சந்தோஷப்படுவாள் என்று மட்டும் நினைத்தேன். அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்திருந்தும் அவள் கண்ணை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தது என் புத்திகெட்டத்தனம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சாகப்போகிறவள் கேட்டாள், நான் வாயை மூடிக்கொண்டேன். நவம்பரில் உனக்குச் சாடையாகத்தான் எழுத முடிந்தது. அது போதாது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அந்த பூட்ஸை அவள் கேட்டதே உனக்காகத்தான், தனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ நம்புவதற்காக. அவள் உன்மேல் வைத்திருந்த அன்பு அவ்வளவு. நீ கேட்ட வரி அதுதான் என்று எடுத்துக்கொள். இங்கே வந்து என்னோடு கொஞ்ச நாள் இரு. படிக்கட்டு ஏணிபோல இருந்தாலும் பரவாயில்லை, வா.

அக்கா,
ஹெஸ்டர்


கோவென்ட்ரி
ஜூலை 20, 1982

ஹெஸ்டர்,

மார்ச்சில் நீ எழுதியதும் வந்தது, அவள் எழுதியதும் வந்தது. அவளுடைய கடிதத்தை நான் தினமும் படிக்கிறேன்.

முதலில் மறைத்தவன் நான். டாக்டர் சொன்னார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. பெட்டி கீழே இருக்கக் கூடாதா என்று எழுதியவனும் நான். நீ பெட்டியை நகர்த்தியதற்கு நான் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அக்டோபரிலிருந்து உனக்குத் தெரியும். அவள் ஜனவரி வரை உயிரோடு இருந்தாள். சாயங்காலம் ஆனால் கணப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் அவள். நான் பேப்பர் படிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன், அவள் பின்னுவதுபோல நடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ராத்திரியில் பயமாக இருந்திருக்கிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் தூங்குவதுபோல நடித்தேன். இது எல்லாம் உனக்குத் தெரியும். கிட்லியின் நாய் குட்டி போட்டதை எனக்கு எழுதினாய். 'அவளுக்குத் தெரியும்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், நான் அன்றைக்கே எழுந்து அந்தப் பக்கம் போயிருப்பேன்.

ஈஸ்டருக்கும் அதற்குப் பிறகும் நீ எழுதியவை வந்தன. பிரிக்கவில்லை. இனி எழுத வேண்டாம்.

சிரில்